தனுஷ்கோடியைக் காணச் செல்வோர்



கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள இந்தப் பேளுக்குறிச்சியில், சந்தை கலைந்த பிறகு அத்திடலைப் பாருங்கள். காலையில் மிளகும் சீரகமும் மல்லியும் குவிந்திருந்த இடத்தில் சருகும் சாக்குநூலுமே எஞ்சும். அதைக் கண்டு எவரும் வருந்துவதில்லை. அடுத்த சந்தைக்குத் திடல் மீண்டும் நிறையும். அவ்வாறு மீண்டும் நிறையாத ஊர்கள் உலகில் சில உண்டு. அவற்றைச் சுற்றிப் பார்ப்பது இன்று பயண வழக்கமாகிவிட்டது.

உக்ரைன் நாட்டுப் பிரிப்யாத், செர்னோபில் அணுமின் நிலையத் தொழிலாளர்க்கென 1970இல் தோன்றிய நகரம். 1986 ஏப்ரல் 26 அன்று அணுஉலை வெடித்தது. மறுநாள் பிற்பகல், ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் பேருந்துகளில் வெளியேற்றப்பட்டனர். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றே அவர்கள் நம்பினர். வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் உடன் கொண்டுசெல்ல இசைவில்லை. அவற்றின் மயிரில் ஒட்டிய கதிரியக்கத் தூசு பரவும் என்றஞ்சி, பின்னர் ஆள்களை அனுப்பிச் சுட்டுக் கொன்றனர். கொல்லாமையை முதலறமாகக் கொண்ட இல்லங்களுக்கு அந்நகரின் துயரை உணர்த்த இச்செய்தி ஒன்றே போதும்.

தமிழகத்தில் அவ்வாறு பாழான ஊர் தனுஷ்கோடி. அதை அழித்தது அணுவன்று, கடல். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் அங்குவரை ஓடியது. பயணியர் அங்கே கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். தொடர்வண்டி நிலையம், அஞ்சலகம், தேவாலயம் என ஊர் செழித்திருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலின் பேரலை ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணியர் வண்டியையும் விழுங்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு அவ்வூரை வாழத் தகுதியற்றதென அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாளில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதையோ மீளவில்லை. பாலம் இராமேசுவரத்திற்கு வேண்டியிருந்தது. தனுஷ்கோடி எவர்க்கும் வேண்டியிருக்கவில்லை போலும்!

முன்பு மணலில் திணறிச் சென்ற வேன்களுக்கு மாறாக, 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதும் கூட்டம் பெருகியது. பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயச் சுவரருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். 'பேய் நகரம்' என்று உரக்கச் சொல்கின்றனர். சற்றுத் தொலைவில் ஓலைக்குடிசை வாயிலில் வலையைச் சீர்செய்யும் மீனவர் காதிலும் அச்சொல் விழும். பிரிப்யாத்தில் வீடுகள் நிற்கின்றன, வாழ்வோர் இல்லை. தனுஷ்கோடியில் வீடுகள் வீழ்ந்தன, மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்தம் தொழில் சமண இல்லறத்தார்க்கு உடன்பாடன்று. அதன்பொருட்டு அவர்தம் துயரையும் காணாது கடந்துவிடலாமா?

அங்கே கடலுக்குச் சற்றே தள்ளி மணலைக் கையால் தோண்டினால் நன்னீர் ஊறும். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின்மேல் தங்கி நிற்பதே காரணம். ஆழத் தோண்டினால் உப்பு கலந்துவிடும். ஆகவே பெண்கள் சிறு குழி தோண்டி, ஊறுமட்டும் காத்திருந்து, சிறிது சிறிதாக முகந்து குடத்தை நிரப்புவர். மணலில் வெறும் பள்ளம்போல் தோன்றும் அவ்வூற்றுகளைச் செருப்புக்காலால் மிதித்துவிடாமல், குழந்தைகளின் கையைப் பிடித்து விலகி நடத்துங்கள். ஒரு வீட்டின் அன்றைய குடிநீர் அது.