பச்சைக் குறியும் பகுத்தறிவும்

(கம்ப்யூட்டர் தொழில் பயிலும் வாலிபர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயமானது, இன்டர்நெட் மூலம் வீட்டிலிருந்தபடியே சாப்ட்வேர் வேலை கற்பதைப் பற்றியதாகும். அதிலும், எழுதிய புரோகிராமைச் சோதித்து, மற்றவர்கள் எழுதியதோடு இணைத்து, சர்வரில் ஏற்றுகிற வரையுள்ள வேலைகளை ஒரு சங்கிலிபோல் இயந்திரமே செய்யும்படி அமைப்பதைப் பற்றியே சொல்லப் போகிறேன்.

கற்றுக்கொள்ள வழியில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த என்.பி.டி.இ.எல். பாடங்களை, அந்த வாசற்படியை மிதிக்காதவர்களும் காசில்லாமல் கேட்கலாம். 2005-ல் வந்த கிட் என்னும் கருவி இனாம். கிட்ஹப் ஆக்ஷன்ஸோ, பொதுவில் வைத்த புரோகிராமுக்கு இனாமாகவே ஓடுகிறது.

ஆனால் நம்மில் பலர் செய்வதென்ன? வீடியோவை வேகத்தைக் கூட்டிப் பார்த்து முடித்து, சர்டிபிகேட்டை வாங்கி மாட்டிக்கொள்ளுகிறார்கள். வாத்தியார் எழுதிய பைலை அப்படியே பெயர்த்து ஓடவிடுகிறார்கள். பச்சைக் குறி விழுந்தவுடன் தரிசனம் கிடைத்தவர்கள்போல் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அந்தக் குறிக்கு அர்த்தமென்ன? கொடுத்த கட்டளைகள் முடியும்போது 0 என்னும் எண்ணைத் திருப்பித் தந்தன என்பதற்குமேல் ஒன்றுமில்லை. சோதனைக் கட்டளையே வைக்காத பைலுக்கும் பச்சைதான் விழும்!

அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்று ஒரு பங்கு வியாபாரக் கம்பெனி இருந்தது. 2012 ஆகஸ்டு 1-ந் தேதி வியாபாரத்துக்காக ஒரு புதிய புரோகிராமை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றிய ஆள் 7-ல் ஏற்றி ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆளுமில்லை. சரிபார்க்க வேண்டுமென்று எழுதி வைத்த முறையுமில்லை. மார்க்கெட் திறந்ததும் அந்த ஒன்றில் கிடந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு கண்டபடி வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. 45 நிமிஷத்தில் 46 கோடி டாலருக்குமேல் நஷ்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், மார்க்கெட் திறக்கும் முன்பே அவர்களுடைய இயந்திரம் தப்பு இருப்பதாக 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. எட்டிலும் ஒரே புரோகிராம் இருக்கிறதா, இல்லாவிட்டால் வேலையை நிறுத்து என்று சங்கிலியில் ஒரு கண்ணி சேர்த்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா?

பிறர் எழுதியதைக் காரணம் கேளாமல் சேர்த்துக்கொள்ளுவதும் ஆபத்தே. 2025 மார்ச்சில், 23,000-க்கு மேற்பட்ட புரோகிராம் களஞ்சியங்களில் உபயோகமாகி வந்த ஓர் ஆக்ஷனுக்குள் யாரோ திருட்டு வரிகளை நுழைத்துவிட்டார்கள். அது இரகசியச் சாவிகளையும் பாஸ்வேர்டுகளையும் ஓட்டப் பதிவேட்டிலேயே அச்சடித்தது. பதிப்பின் பெயரை மட்டும் நம்பி அழைத்தவர்கள் மாட்டினார்கள். இன்ன கமிட் என்று முழு எண்ணையே குறித்து வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். இந்த வித்தியாசத்தை எத்தனை சர்டிபிகேட்காரர்கள் சொல்லுவார்கள் என்று நான் கேட்கிறேன்.

ஆகவே தோழர்களே! அடுத்த வீடியோவுக்குப் போகுமுன், வாத்தியார் கொடுத்த பைலில் ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எது கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று எர்ரரைப் படியுங்கள். அது இங்கிலீஷில் இருக்கிறதே என்றால், உண்மையான கஷ்டந்தான். அகராதியை வைத்துக்கொண்டாவது படியுங்கள். பிறகு, இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஒரு பொய்ச் சோதனை எழுதிச் சங்கிலியில் விடுங்கள். அதற்கும் பச்சைக் குறி விழுந்தால், அந்தச் சங்கிலியைக் காட்டி வேலை கேட்கப் போகாதீர்கள்.