எட்டு இலக்க எண்ணில் நிற்கும் நம் தறிகள்

(நெசவாளர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக முழுமையாகத் தருகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். தறி ஓட்டும், நிட்டிங் மெஷின் வைத்திருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கும் அனுப்புங்கள்.)



மேடை ஏறி நாலு பேரைத் திட்டிட்டு இறங்குறது சுலபம். கைத்தட்டும் கிடைக்கும். இன்னிக்கு அதை நான் செய்யப் போறதில்லை. இன்னிக்குக் கணக்குப் பாடம். ஏன்னா நம்ம பொழப்பைக் கெடுக்கிற விஷயம் ஒரு கணக்குக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

இத்தனை வருஷமா நாம என்ன கோஷம் போட்டோம்? "வெளிநாட்டுத் துணிக்கு வரியைக் கூட்டு!" கூட்டினாங்களா, இல்லையா? கூட்டினாங்க. 2018 ஆகஸ்ட்ல 328 வகை ஜவுளிப் பொருளுக்கு இறக்குமதி வரியை 10 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமா ஆக்கினாங்க. 2024 மார்ச்ல சில செயற்கை இழைப் பின்னல் துணிக்குக் கிலோ மூன்றரை டாலருக்குக் கீழே இறக்குமதி கூடாதுன்னு குறைந்தபட்ச விலை வச்சாங்க. முதல்ல 5 எண், அப்புறம் 13 எண். 2025 பிப்ரவரி பட்ஜெட்ல 9 வகைப் பின்னல் துணிக்கு, "20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இதில் எது அதிகமோ அது"ன்னு வரியை மாத்தினாங்க.

இவ்வளவும் நடந்த பிறகும் நம்ம ஊர் மொத்தக் கடையில, நம்ம நூல் விலையை விடக் குறைவா வெளிநாட்டுத் துணி எப்படிக் கிடைக்குது? இந்தக் கேள்விக்குத்தான் இன்னிக்குப் பதில் தேடப் போறோம்.

நான் சொன்னதை ஒரு தடவை திரும்பப் பாருங்க. "5 எண்", "13 எண்", "9 வகை". எல்லா இடத்திலயும் ஒரு எண்ணிக்கை வருது. வரி துணிக்குப் போடுறதில்லை தோழர்களே, எண்ணுக்குப் போடுறாங்க. அதுதான் சூட்சுமம்.

நாட்டுக்குள்ள வர்ற ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கத்தில் ஒரு எண் இருக்கு. எச்.எஸ். கோடுன்னு சொல்றாங்களே, அதுதான். முதல் 6 இலக்கம் கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒன்னு. கடைசி 2 இலக்கம் நம்ம நாடு சேர்த்தது. 1975-ம் வருஷத்து சுங்கக் கட்டணச் சட்டத்தின் அட்டவணையில இந்த எண்ணும் அதற்கு நேரே வரியும் இருக்கும். பருத்தி, பருத்தி நூல், பருத்தி நெசவுத் துணி எல்லாம் 52-ம் அத்தியாயம். பாலியஸ்டர் மாதிரி இழைகள், அதில் நெய்த துணிகள் 54, 55. பின்னல் துணி மொத்தமும் 60. தைச்ச பனியன், டீ-சர்ட் 61.

இதுக்குள்ள எவ்வளவு நுணுக்கம் இருக்குன்னு பாருங்க. நீங்க நெய்யுற காடா துணியில எடைக்கு 85 சதவீதமோ அதுக்கு மேலயோ பருத்தி இருந்தா ஒரு தலைப்பு. 84 சதவீதம் பருத்தி, மீதி பாலியஸ்டர்னா வேற தலைப்பு. ஒரு சதுர மீட்டர் 200 கிராம் வரைக்கும் 5208. 201 கிராம்னா 5209. பின்னல் துணியில லைக்ரா மாதிரி இழுவை நூல் 5 சதவீதம் இருந்தா 6004, 4 சதவீதம்னா 6006. வெளுத்ததுக்கு ஒரு எண், சாயம் போட்டதுக்கு ஒரு எண், அச்சடிச்சதுக்கு இன்னொரு எண்.

ஈரோட்டுக்காரங்க கவனிங்க. நீங்க ஓட்டுற ரேயான் மரக்கூழில் இருந்து வர்றது. அட்டவணையில அது பாலியஸ்டரோட சேராது. ரெண்டும் ஆலையில செஞ்ச இழைதான், ஆனா தலைப்பு தனித்தனி. பாலியஸ்டருக்குப் போடுற தடுப்பு ரேயானுக்கு வந்து சேரணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. ரெண்டையும் கலந்தா எடையில எது அதிகமோ அது பக்கம் போகும். 51-க்கு 49-ன்னு கலந்தா முடிஞ்சது கதை.

இன்னொன்னு. துணி மேல பிளாஸ்டிக் பூச்சு இருந்தா அது 59-ம் அத்தியாயத்துக்குப் போயிடும். அதுக்கு ஒரு விதி, பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா பழையபடி நெசவுத் துணி, பின்னல் துணி கணக்குதான். யார் கண்ணுக்குத் தெரியணும்? துறைமுகத்தில கன்டெய்னரைத் திறந்து பார்க்கிறவர் கண்ணுக்கு. திறந்தா!

சரி, இந்த எண்ணை எழுதுறது யார்? அதிகாரின்னு நினைச்சீங்கன்னா தப்பு. 2011-ல் இருந்து சுய மதிப்பீடு. இறக்குமதி பண்றவரே எண்ணை எழுதி, விலையை எழுதி, வரியைக் கணக்குப் போட்டுக் கட்டுறார். அதிகாரி சரிபார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், மாத்தியும் போடலாம். சட்டத்தில அதிகாரம் இருக்கு. ஆனா எல்லாச் சரக்கையும் திறக்கிறதில்லை. எதைத் திறக்கணும்னு கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்குது. மீதி காகிதத்தை நம்பி வெளியே போயிடுது.

இப்போ கணக்குக்கு வருவோம். கைப்பேசியில கால்குலேட்டரை எடுங்க.

கிலோ 300 ரூபாய் மதிப்புள்ள சாயம் போட்ட பாலியஸ்டர் பின்னல் துணி, ஒரு கன்டெய்னரில 10 டன் வருதுன்னு வச்சுக்குவோம். பில்லுல விலையைப் பாதியாக்கி 150-ன்னு எழுதுறாங்க. வெறும் 20 சதவீத வரின்னா கிலோவுக்கு 30 ரூபாய். 10 டன்னுக்கு 3 லட்சம். உண்மை விலையைக் காட்டியிருந்தா 6 லட்சம் கட்டணும்.

அதே துணிக்குக் கிலோவுக்கு 115 ரூபாய்னு வரி இருந்தா? விலையை 150-ன்னு எழுது, 50-ன்னு எழுது, வரி மாறாது. 10 டன்னுக்கு பதினொன்றரை லட்சம். கிலோ 575 ரூபாய்க்குக் கீழே இருக்கிற எந்தத் துணிக்கும் இந்த 115 ரூபாய்தான் பெருசு. விலையைப் பொய்யா எழுதுறதில லாபமே இல்லாம போகுது. நல்ல ஏற்பாடு. யார் செஞ்சிருந்தாலும் நல்லதை நல்லதுன்னுதான் சொல்லணும், நாம சொல்றோம்.

ஆனா இந்த 115 ரூபாய் 9 எண்ணுக்கு மட்டும். 60-ம் அத்தியாயத்தில எண்கள் அதைவிட ரொம்ப அதிகம். விலையைக் குறைச்சு எழுதினா லாபமில்லைன்னு தெரிஞ்சவன் அடுத்து எதை மாத்துவான்? எண்ணை மாத்துவான். பக்கத்து எண்ணுக்கு வெறும் 20 சதவீதம்தான்னு வைங்க. பில்லுல இருக்கிற அந்த 150 ரூபாய் விலைக்கே கணக்குப் போட்டாலும் பதினொன்றரை லட்சம் கட்ட வேண்டிய இடத்தில 3 லட்சம். வித்தியாசம் எட்டரை லட்சம் ரூபாய். ஒரே கன்டெய்னரில, ஒரு எண்ணை மாத்தி எழுதினதுக்கு!

அந்த எட்டரை லட்சம் எங்க போகுது? துணி விலையில கழியுது. அந்தத் துணி கடைக்கு வரும்போது உங்க துணியை விடக் கிலோவுக்கு 85 ரூபாய் குறைச்சு விக்க முடியுது. உங்க மெஷின் நிக்குது. அதுல வேலை பார்த்த தம்பி வேற வேலைக்குப் போறான். ரெண்டு மாசம் கழிச்சு பேங்க்காரர் வந்து நிக்கிறார். துறைமுகத்தில மாத்தி எழுதின எண்ணோட கடைசி வரி உங்க வீட்டு வாசல்ல எழுதப்படுது.

இது புதுசு இல்லை தோழர்களே. 1894-ல பிரிட்டிஷ் அரசு வருமானத்துக்காக இறக்குமதிப் பருத்தித் துணிக்கு 5 சதவீதம் வரி போட்டுச்சு. லங்காஷயர் ஆலை முதலாளிகள் கொதிச்சாங்க. அவங்களைச் சமாதானப்படுத்த, நம்ம நாட்டு ஆலையில நூற்ற 20-ம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் அதே அளவு உள்நாட்டு வரி. பாருங்க, அன்னிக்கே சண்டை நூல் நம்பர்ல! அதுவும் போதலைன்னு 1896-ல இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம், இந்திய ஆலைத் துணிக்கும் மூன்றரை சதவீதம்னு சமன் பண்ணாங்க. நம்ம மண்ணில நெய்த துணிக்கு நாமளே தண்டம் கட்டினோம். அது ஒழிய முப்பது வருஷம் ஆச்சு. கோட்டை எங்கே கிழிக்கிறாங்கன்னு கவனிச்சுக் கேட்ட தலைமுறைதான் அதை ஒழிச்சது. நாமளும் அதே மாதிரி கோட்டைக் கவனிக்கணும்.

இன்னொரு வழியும் இருக்கு. துணியாக் கொண்டு வந்தா வரி. தைச்ச உடையாக் கொண்டு வந்தா? 2011-ல் இருந்து வங்கதேசத்து ஆயத்த ஆடைக்கு இங்க இறக்குமதி வரிச் சலுகை. வேற நாட்டுத் துணியை அங்க தைச்சு இங்க கொண்டு வந்தா 60-ம் அத்தியாயத்துத் தடுப்பு எதுவும் அதைத் தொடாது. 2025 மே மாசம், மும்பை நவசேவா, கொல்கத்தா துறைமுகம் வழியா மட்டும்தான் அந்த ஆடைகள் வரணும்னு கட்டுப்பாடு வந்துச்சு. ஒன்னு தெளிவாச் சொல்றேன். அங்க மெஷின்ல உக்கார்ந்திருக்கிற பொண்ணும் நம்ம திருப்பூர்ப் பொண்ணு மாதிரி கூலித் தொழிலாளிதான். அவங்க மேல நமக்குக் கோபம் இல்லை. துணி எந்த நாட்டில பிறந்துச்சுன்னு ஆதாரம் கேளுங்கன்னுதான் நம்ம கோரிக்கை. சலுகை வரி கேக்கிற இறக்குமதியாளர் பொருள் பிறந்த இடத்துக்கான விவரத்தைக் கையில வச்சிருக்கணும்னு 2020 செப்டம்பர்ல இருந்து விதியே இருக்கு. அதைக் கறாரா அமல்படுத்தினா போதும்.

இப்போ நம்ம பக்கத்திலயும் ஒரு நேர்மை வேணும். "எல்லா வரியையும் ஏத்து"ன்னு நான் சொல்ல மாட்டேன். திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு இங்க கிடைக்காத சில ரகத் துணி வெளியில இருந்து தேவைப்படுது. அதை வச்சுத் தைச்சு அனுப்பினாதான் இங்க ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம். ஏற்றுமதிக்குன்னு வரியில்லாம இறக்க வழி இருக்கு, அது இருக்கட்டும். அப்படி வந்த துணி உள்ளூர்க் கடைக்குத் திரும்பக் கூடாது, அவ்வளவுதான். பஞ்சு விஷயத்தையே பாருங்க. 2021-ல 11 சதவீதம் வரி போட்டாங்க. 2022-ல சில மாசம் எடுத்தாங்க, திரும்பப் போட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல மறுபடி எடுத்து, டிசம்பர் வரைக்கும் நீட்டிச்சாங்க. எடுத்தா நூல் விலை குறையுமான்னு மில்காரரும் தறிக்காரரும் பார்க்கிறாங்க. பருத்தி விவசாயி தன் விலை சரியுமோன்னு பயப்படுறார். ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துற வரி யாருக்கும் உதவாது. என்ன வரின்னு ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்கூட்டியே தெரியணும்.

ஆக, நம்ம கோரிக்கை ஐந்து.

1. கிலோ கணக்கு வரியை 9 எண்ணோட நிறுத்தாம, ஒன்னுக்கொன்று மாத்தி எழுதக்கூடிய பக்கத்து எண்கள் எல்லாத்துக்கும் விரிக்கணும்.

2. துணி இறங்குற ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆய்வகம் வேணும். ஒரு சதுர மீட்டர் எடை பார்க்க வட்டக் கட்டரும் தராசும் போதும், திருப்பூர்ல ஒவ்வொரு நிட்டிங் கம்பெனியிலும் இருக்கு. பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவுன்னு அமிலத்தில கரைச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

3. எந்த எண்ணில, எத்தனை கிலோ, சராசரி என்ன விலைக்கு இறங்குச்சுன்னு துறைமுக வாரியா மாசாமாசம் தமிழிலும் வெளியிடணும். திடீர்னு ஒரு எண் வத்தி, பக்கத்து எண் வீங்கினா நாமளே கண்டுபிடிச்சிடுவோம்.

4. வேணும்னே மாத்தி எழுதினவங்ககிட்ட 5 வருஷம் பின்னோக்கி வரி கேட்கச் சட்டத்தில இடம் இருக்கு. அதைப் பயன்படுத்தணும். அதே சமயம், புரியாம தப்பா எழுதின சின்ன வியாபாரியைத் திருடனாக்கக் கூடாது. எந்த எண்ணுன்னு முன்கூட்டியே கேட்டுத் தீர்ப்பு வாங்குற வசதி சட்டத்தில இருக்கு. அது அவருக்கும் எட்டணும்.

5. வரி அட்டவணையை மாத்துறதுக்கு முன்னாடி விசைத்தறி, நிட்டிங், தையல், பருத்தி விவசாயி நாலு தரப்பையும் ஒரே மேசையில உக்கார வச்சுக் கேட்கணும்.

தோழர்களே, கோரிக்கை வச்சுட்டு வீட்டுக்குப் போனா நடக்காது. உங்களுக்கும் ஒரு வேலை தர்றேன். சந்தேகமான விலையில துணி பார்த்தா, ஒரு மீட்டர் வாங்குங்க. பில் கேளுங்க. பில்லுல எச்.எஸ். கோடு போட்டிருக்கான்னு பாருங்க. ஒரு நூலை உருவித் தீக்குச்சி வச்சுப் பாருங்க. காகிதம் எரியுற வாசனை வந்து சாம்பலானா பருத்தியோ ரேயானோ. உருகி உருண்டையானா பாலியஸ்டர் மாதிரி இழை. துணியையும் பில்லையும் ஒன்னா வச்சு உங்க ஊர் நெசவாளர் அணிப் பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. ஆய்வகத்தில சோதிச்சு, அறிக்கையோட சேர்த்து சுங்கத் துறைக்கு முறைப்படி மனு கொடுக்கிறது நம்ம கட்சியோட வேலை. வதந்தி வேண்டாம், கடைக்காரர்கிட்ட சண்டையும் வேண்டாம். ஆதாரம் போதும்.

அடுத்த தடவை யாராவது "வரியைத்தான் கூட்டிட்டாங்களே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டா, திருப்பிக் கேளுங்க: "எந்த எண்ணுக்கு?" இந்த ஒரு கேள்வியை நம்ம தொண்டர் ஒவ்வொருத்தரும் கேட்க ஆரம்பிச்சா, டெல்லியில அட்டவணை எழுதுறவங்களும் துறைமுகத்தில முத்திரை குத்துறவங்களும் பதில் சொல்லித்தான் ஆகணும்.

பாவு பிரிஞ்சா ஒவ்வொரு இழையா எடுத்து முடிச்சுப் போடத் தெரிஞ்ச கை நம்ம கை. இந்த அட்டவணையையும் அப்படித்தான் பிரிச்சுச் சரி பண்ணப் போறோம்.



(உங்கள் ஊர்த் துணிக் கடையில் நீங்கள் பார்த்ததைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கடைக்காரர் பெயரோ ஃபோன் எண்ணோ பதிவிட வேண்டாம். படித்தவர்கள் பகிருங்கள்.)