நூலக வாசலில் கூடுவோம்



வீட்டு வரி ரசீதை எப்போதாவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. ஆக, உங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. புத்தகம் எடுக்கிறீர்களோ இல்லையோ, அந்த வாசல் உங்களுடையது. காலையில் அங்கே கூடி நடக்கவும் ஓடவும் ஒரு குழு தொடங்குங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நடந்தால் நல்லது என்பது தெரியாதவர் யார்? ஆனால் நாலு நாள் நடப்போம், ஐந்தாம் நாள் தூறல், ஆறாம் நாள் ஒரு கல்யாணம், அதற்கப்புறம் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடும். நமக்காக நாலு பேர் காத்து நிற்கிறார்கள் என்றால் கதை வேறு. “என்ன சார், நேத்து ஆளையே காணோம்?” என்று கேட்பார்களே, அதற்குப் பயந்தாவது எழுந்து வருவோம்.

பூங்கா இருக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்கலாம். பூங்காவுக்குத் தனித்தனியே வருகிறோம், தனித்தனியே போகிறோம். நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது, ஊரில் எல்லோருக்கும் இடம் தெரியும். விடியற்காலையில் தனியாகத் தெருவில் இறங்கத் தயங்கும் பெண்களும், நாய்க்குப் பயப்படுகிறவர்களும் துணையோடு கிளம்பலாம். நூலகம் திறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தால், வியர்வை அடங்கும்வரை உள்ளே உட்கார்ந்து பேப்பர் பார்க்கலாம். இதற்காகவே நான் வருவேன்!

லண்டன் புஷி பூங்காவில் 2004-இல் பதின்மூன்று பேர் ஒரு சனிக்கிழமை காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். அதுதான் இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கும் பார்க்ரன். கட்டணம் கிடையாது. அதில் ஓர் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். மற்றவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் வருவார். ஆகவே ஓட வந்தவர்களில் யாருக்கும் கடைசி ஆள் என்ற பெயர் கிடையாது. நம் குழுவிலும் அப்படி ஒருவரைப் போடுங்கள். என்னைக் கேட்டால், முழங்கால் வலிக்காரர்தான் அதற்குச் சரியான ஆள்.

பிள்ளைகளையும் இழுக்கலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மான்ட்பீலியர் என்ற சிற்றூரில், 2007-இல் அங்குள்ள நூலகத்தின் துணையோடு ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பாதையோரத்தில் நட்டு வைத்தார்கள். கதை என்ன ஆகிறது என்று தெரிய அடுத்த பக்கத்துக்கு நடந்துதானே ஆக வேண்டும்? நம் பள்ளிக்கூடத் தெருவிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

சரி, எவ்வளவு நடப்பது? பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது; வேகத்துக்கு அதுவே அளவு. தினம் பத்தாயிரம் அடி என்று பயமுறுத்துவார்கள். அது 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்கப் பிடித்த கணக்கு, விட்டுத் தள்ளுங்கள். ஓட ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடக்கட்டும்.

சர்க்கரைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் கவனம். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். தலை சுற்றி, கை நடுங்கினால் உடனே அவற்றை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். முள் குத்தியது, கொப்புளம் வந்தது தெரியாமலே போய்விடும்.

இந்த வாரமே நூலகரைப் பார்த்துப் பேசுங்கள். கிழமை, நேரம் இரண்டையும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். முதல் நாள் மூன்று பேர் வந்தாலும் கிளம்பிவிடுங்கள். ஆள் சேரட்டும் என்று காத்திருந்தால் வந்த மூன்று பேரும் அடுத்த வாரம் வர மாட்டார்கள். ஐப்பசி மழையில் என்ன செய்வது என்றால், கூடுகிற இடம் நூலகம்தானே, திறந்ததும் குடையை மடக்கிவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டியதுதான்.