கூடிக் கற்போம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயத் தொண்டினை நோக்கமாகக் கொண்ட ஒரு சங்கத்தின் விழாவிலே இரசாயன பாடத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். 1892 இல் காரைதீவிலே பிறந்த மயில்வாகனனாரின் வாழ்க்கையை நோக்கினால் அந்த ஐயம் தானே நீங்கிவிடும். அவர் இந்தக் கொழும்பு மாநகரிலே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராய் இருந்தார். 1924 இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் யாழ் நூலை நமக்கு அளித்தார். விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்ல வேண்டுமென்று, 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியிலும் முன்னின்று உழைத்தார். அப்பெரியார் காவியுடுத்த பின்னரும் இரசாயனத்தை அந்நியமாகக் கருதவில்லை.

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்காவிலிருந்து 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயிலே நம்மவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். அவரது முயற்சியால் 1875 இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. சமயத்தால் நம்மின் வேறுபட்டவராயினும், தாய்மொழியிலே விளங்கினாலன்றி அறிவு நிலைபெறாது என்பதை அவர் கண்டுகொண்டார். அந்த நன்றியை நாம் மறத்தலாகாது.

இனி, இன்றைய நிலையைப் பார்ப்போம். வெள்ளவத்தையிலே தெருவுக்குத் தெரு தனியார் வகுப்புகள் உண்டு. ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கும்போது, "ஐயா, எனக்கு விளங்கவில்லை" என்று எழுந்து கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? கொட்டாஞ்சேனையிலோ, கட்டணம் செலுத்த இயலாத வீடுகளும், இருந்து படிக்க ஒரு மூலை இல்லாத வீடுகளும் பல. விளங்காத ஒரு கணக்கு அடுத்த பாடத்தையும் விளங்காமற் செய்கிறது. முடிவில், பதினாறு வயதுப் பிள்ளை, "விஞ்ஞானம் எனக்கு வராது" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இழக்கப்படுவது பரீட்சைப் புள்ளி மாத்திரமன்று. ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையும் இழக்கப்படுகிறது.

இந்த இடத்திலேதான் சக மாணவன் பேருதவி செய்ய முடியும். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். 4 கிராம் ஐதரசனும் 16 கிராம் ஒட்சிசனும் தாக்கமுற்றால் எத்தனை கிராம் நீர் கிடைக்கும்? நாலும் பதினாறும் இருபது என்று பலர் எழுதுவர். திணிவு அழிவதில்லை என்று படித்த பிள்ளை அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆசிரியர் பிழை என்று குறியிட்டு அப்பாற் போகலாம். ஆனால் நேற்று அதே இடத்தில் இடறிய தோழன் வேறு விதமாகச் சொல்லுவான்.

"கோயிலிலே ஓர் அருச்சனைத் தட்டுக்கு ஒரு தேங்காயும் இரண்டு வாழைப்பழமும் வேண்டும் என்று வைத்துக்கொள். உன்னிடம் பத்துத் தேங்காயும் பன்னிரண்டு பழமும் இருந்தால் எத்தனை தட்டு வைப்பாய்?" ஆறு தட்டு. பழம் தீர்ந்துவிடும், நான்கு தேங்காய் மிஞ்சும். நீர் உண்டாவதும் அப்படியே. இரண்டு பங்கு ஐதரசன் மூலக்கூறுக்கு ஒரு பங்கு ஒட்சிசன் மூலக்கூறு வேண்டும். 4 கிராம் ஐதரசன் இரண்டு மூல். 16 கிராம் ஒட்சிசன் அரை மூல். அந்த அரை மூல் ஒட்சிசன் ஒரு மூல் ஐதரசனையே சேர்த்துக்கொள்ளும். ஆகவே கிடைப்பது ஒரு மூல் நீர், அதாவது 18 கிராம். மிகுதி 2 கிராம் ஐதரசன் அப்படியே எஞ்சும். பதினெட்டும் இரண்டும் இருபது; திணிவும் அழியவில்லை. பிள்ளை நினைத்த விதியும் சரி. அது பிரயோகித்த இடந்தான் பிழை.

மூல் என்ற சொல்லைக் கேட்டே அஞ்சுவோர் உளர். டசின் என்றால் பன்னிரண்டு. அதுபோல மூல் என்பதும் ஓர் எண்ணிக்கை. 6.022 ஐப் பத்தின் 23 ஆம் வலுவாற் பெருக்கினால் வரும் பேரெண் அது. ஒரு டசின் தேங்காயும் ஒரு டசின் எலுமிச்சம்பழமும் எண்ணில் ஒன்று, நிறையில் வேறு அன்றோ? ஒரு மூல் ஐதரசன் 2 கிராமும் ஒரு மூல் ஒட்சிசன் 32 கிராமும் ஆவது அவ்வாறே. இவ்வளவு விளங்கிவிட்டால் பாதி அச்சம் பறந்துவிடும்.

"பிறனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவன் நம்மை முந்திவிடுவானே" என்று சிலர் கேட்பர். போட்டி இல்லையென்று நாம் கூறமாட்டோம். பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள் முழுத் தீவின் தரவரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. ஆதலின் பக்கத்தில் இருப்பவனும் போட்டியாளனே. ஆனால் போட்டியிடுவோர் ஆயிரக்கணக்கானோர். அவருள் ஒரு தோழனுக்குக் குறிப்புப் புத்தகத்தை ஒளிப்பதால் நம் புள்ளி ஒன்றேனும் கூடாது. அவனுக்கு விளக்க முயலும்போதோ, நமக்கு எது தெளிவில்லை என்பது உடனே வெளிப்படும். "ஏன்?" என்று அவன் கேட்கும் ஒரு கேள்வி, தனியே இருந்து பத்து முறை வாசிப்பதிலும் மேலானது. பொருள் கொடுத்தாற் குறையும். கல்வி கொடுத்தால் வளரும்.

எனவே நாம் வேண்டுவது இதுவே. ஞாயிறு அறநெறி வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம் சங்க மண்டபம் மாணவர்க்குத் திறந்திருக்கட்டும். ஐவர் ஐவராய் அமர்க. உயர்தர மாணவர் ஒருவர் சாதாரண தர மாணவர் நால்வரோடு இருப்பாராக. விடையை எழுதிக் கொடுத்தல் ஆகாது; எங்கே இடறுகிறான் என்று கேட்டறிந்து, அவன் கையாலேயே எழுதச் செய்தல் வேண்டும். விளங்காதவனை எவரும் நகைத்தலாகாது. ஐவருக்கும் விளங்காத வினாவைக் கரும்பலகையில் எழுதி வைப்போம். இளைப்பாறிய ஆசிரியப் பெரியோர் வந்து தீர்த்துவைக்கட்டும்.

பெரியோர்களே! உங்களிடம் நாம் கேட்பது பெரும் பணம் அன்று. ஒரு கரும்பலகை, சில பாய்கள், பழைய வினாத்தாள்கள், உங்கள் ஓய்வு நேரத்திற் சிறிது. பெண்பிள்ளைகள் பொழுதோடு பத்திரமாக வீடு சேர ஒழுங்கு செய்வதும் உங்கள் கடனாகுக.

1897 சனவரியிலே சுவாமி விவேகானந்தர் இந்நகரில் வந்திறங்கினார். அவர் பெயரால் 1902 இல் இங்கே விவேகானந்த சபை தோன்றியது. மக்கட் சேவையே மகேசன் சேவை என்று அவர் வழி நின்று பேசுகிறோம். அச்சேவைக்கு நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. பக்கத்து வாங்கிலே, விளங்காத கணக்கின் முன் தலைகுனிந்திருக்கும் தம்பியிடமும் தங்கையிடமும் அது தொடங்கலாம்.

இறைவன் திருவருள் முன்னிற்பதாக.