இருமல் நிற்கவில்லை என்றால் அடுத்து என்ன?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



போன மாதம் குழுக்களுக்கு வந்தபோது நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டீங்க. "மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் பரிசோதனை பண்றாங்க. நுரையீரல் புற்றுநோய்க்கு ஏன் பண்றதில்லை? எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா பீடி குடிக்கிறாரு, அவருக்குப் பார்க்க முடியாதா?" நியாயமான கேள்வி.

அரசுத் திட்டத்தில் பொதுவாக எல்லோருக்கும் செய்கிற புற்றுநோய்ப் பரிசோதனை மூன்றுதான். வாய், மார்பகம், கருப்பை வாய். நுரையீரல் அதில் இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் சின்னக் கட்டி தெரியாமல் போய்விடும். முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பயன்படும் என்று நிரூபணமானது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் தான். அமெரிக்காவில் அதிகமாகப் புகைபிடித்த 53,000 பேருக்கு மேல் வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட ஸ்கேன் எடுத்தவர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 20 சதவீதம் குறைவு. இப்போது அங்கே 50 முதல் 80 வயது வரை உள்ளவர்களில், தினம் ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் 20 வருஷம் குடித்த கணக்கு உள்ளவர்களுக்கு வருஷம் ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். நிறுத்தி 15 வருஷம் தாண்டியிருந்தால் தேவையில்லை.

அப்போ எல்லோரும் எடுத்துடலாமேன்னு தோணும். அங்கேதான் சிக்கல். அதே ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒரு ஸ்கேனில் "ஏதோ இருக்கு" என்று வந்தது. அப்படி வந்ததில் நூற்றுக்கு 96 புற்றுநோயே இல்லை. நம்ம ஊரில் இது இன்னும் கஷ்டம். என்றைக்கோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு ஸ்கேனில் கட்டி மாதிரித் தெரியும். அப்புறம் ஊசி, சதைப் பரிசோதனை, அலைச்சல், ராத்திரி தூக்கம் இல்லாத பயம்.

அதனால் 50 வயது தாண்டி, பல வருஷமா பீடி, சிகரெட் குடிக்கிற வீட்டுக்காரரை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குக் கூட்டிக்கிட்டுப் போய், ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்க. பீடியை நிறுத்துவதற்கும் அங்கேயே கேளுங்க, ஏன்னா ஸ்கேன் எடுத்துட்டு வெளியே வந்து பத்த வெச்சா என்ன பிரயோஜனம்? "சலுகை விலையில் முழு உடல் ஸ்கேன்" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், அதை நம்பிக் குழுவில் கடன் போட்டு ஓடாதீங்க.

இதுவரைக்கும் சொன்னது ஆம்பளைங்களைப் பத்தி. இனிமேல் நம்மைப் பத்தி.

நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் வருகிற பெண்களில் பெரும்பாலோர் ஒரு பீடிகூடப் பிடிக்காதவர்கள். பக்கத்தில் இருப்பவர் விடுகிற புகை ஒரு காரணம். விறகுப் புகையும் காரணமாக இருக்கக்கூடும் என்கிறார்கள். காரணமே தெரியாமலும் வருது. விறகுப் புகையால் நாள்பட்ட மூச்சிரைப்பு நோய் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. 2016-ல் உஜ்வலா திட்டம் வந்து கேஸ் அடுப்பு பல வீட்டில் இருக்கு. ஆனா கேஸில் டீ போடுறோம், சோறும் வெந்நீரும் இன்னும் விறகில்தான். சிலிண்டர் விலை அப்படி!

நம் வட்டாரத்தில் ஒரு அக்கா. பேர் வேண்டாம். பீடி சுத்துறவங்க, வெறகு அடுப்பு. இருமல் வந்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாங்க. அங்கே எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, சளிப் பரிசோதனை செய்யாமலே டி.பி. மாத்திரை எழுதிட்டாங்க. ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டாங்க. இருமல் நிற்கலை, உடம்பு இளைச்சுப் போச்சு, குரல் கம்மிடுச்சு. "குழுவில் கடன் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமே அக்கா" என்றேன். "அவருக்குக் கால் புண் வந்தப்போ இருபதாயிரம் வாங்கினேன். எனக்கு வெறும் இருமல்தானேம்மா" என்றார்கள். ஊக்குநர் பிடிவாதமாகக் கூட்டிக்கிட்டுப் போன பிறகுதான் ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் நடந்தது. புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்கிற கட்டம் தாண்டிடுச்சு. மரபணுப் பரிசோதனையில் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகை என்று தெரிந்ததால் தினமும் மாத்திரை சாப்பிடுறாங்க. புகைபிடிக்காத பெண்களுக்கு வருவதில் இந்த வகை நிறைய என்று டாக்டர் சொன்னார். அதனால் நோய் உறுதியானால், "மரபணுப் பரிசோதனை செய்யணுமா சார்?" என்று கேளுங்க. தைரியமாக் கேளுங்க.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்றால் மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. இதெல்லாம் பல பேருக்குத் தெரியும். தெரியாதது அதற்கு அடுத்த படி. சளியில் கிருமி இல்லை என்று சொன்னதும் சந்தோஷமா வீட்டுக்கு வந்துடறோம். இருமலும் நம்மோடவே வீட்டுக்கு வருது. கிருமி இல்லை, ஆனால் இருமல் நிற்கலை என்றாலும், டி.பி. மாத்திரை சாப்பிட்டும் குறையலை என்றாலும், "அப்போ இது என்ன?" என்று கேட்டு, மேல் பரிசோதனைக்குச் சீட்டு வாங்காமல் திரும்பாதீங்க. சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் மாறுவது இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மூச்சிரைப்பு என்று தெரிந்து இன்ஹேலர் கொடுத்தால், "அது பழகிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வாங்க. கேட்காதீங்க. மருந்து நேராக நுரையீரலுக்குப் போகுது, அவ்வளவுதான்.

பணத்துக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எத்தனை பேரிடம் இருக்கு? கையைத் தூக்குங்க. (பாதிப் பேர்கூடத் தூக்கவில்லை.) ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கிட்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். நோய் வந்த பிறகு ஓடுவது ரொம்பக் கஷ்டம். இந்த மாதம் குழுக்குழுவாகச் சேர்ந்து போங்க, நாங்களும் கூட வர்றோம்.

கடைசியா ஒரு விஷயம். பழைய எக்ஸ்ரே படங்களைப் பிள்ளைங்க கிரகணம் பார்க்கக் கொடுத்துடாதீங்க, அதால் கண்ணுக்கும் கெடுதல். டாக்டர் புதுப் படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான், தெரிகிற புள்ளி பழைய தழும்பா, புதுசா வளர்றதா என்று சொல்ல முடியும். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே வையுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் அப்படிப் படம் இருக்கிறவங்க உங்க ஊக்குநரிடம் பேர் கொடுங்க.