ஒரே புத்தகம், இரண்டு பள்ளிக்கூடம்



மே மாதம் பிறந்தால், கடல் கடந்து வந்தும் தமிழை விடாத உங்களுக்கு ஊரிலிருந்து ஒரு போன் வரும். "பிள்ளையைக் கிறிஸ்தவப் பள்ளியில் போடவா, அரசுப் பள்ளியில் சேர்க்கவா?" நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டாவது வரை மிஷன் பள்ளியிலும், அதன் பிறகு ராஜபாளையத்தில் அரசுப் பள்ளியிலும் படித்தவன். மாணவனாக நான் பார்த்ததை வைத்துப் பேசுகிறேன்.

நம் பக்கத்து மிஷன் பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. நிர்வாகம் சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. கட்டணம் வாங்கும் மெட்ரிக் பள்ளிகள் வேறு வகை. 2011இல் சமச்சீர் கல்வி முழுமையாக வந்தபின் அரசுப் பள்ளி உட்பட இவை அத்தனைக்கும் பாடப்புத்தகம் ஒன்று, பத்தாம் வகுப்புத் தேர்வும் ஒன்று. "அங்கே பாடம் உசத்தி" என்ற பேச்சை இனி விட்டுவிடலாம்.

மதம்? நீதிபோதனை வகுப்பு வந்தால் கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு எழுந்து போவார்கள். மற்றவர்களுக்கு ஆசிரியர் நல்ல கதைகள் சொல்வார். என் நெற்றியில் இருந்த திருநீற்றை யாரும் அழிக்கச் சொன்னதில்லை. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அன்று எங்கள் பள்ளியும் பூட்டித்தான் கிடக்கும், நாங்கள் ரத வீதியில் நிற்போம்.

வேறுபாடு இருந்தது கவனிப்பில்தான். மிஷன் பள்ளியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். என் அக்காவுக்குப் பாடம் எடுத்த டீச்சரே எனக்கும் எடுத்தார், வீட்டு நிலவரம் முழுக்க அவருக்குத் தெரியும். முட்டி போட வைப்பதும் அங்கே அதிகம்தான். அந்தப் பயம் எனக்கு நெடுநாள் போகவில்லை. அரசுப் பள்ளியில் அந்தப் பயம் இல்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளியின் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விடியற்காலையில் தறிக்கூடத்தில் உதவிவிட்டுத் தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு வருவான். அவனுக்காகவே ஒரு கணக்கை மூன்று முறை போட்டுக் காட்டிய வாத்தியார் எங்களுக்கு இருந்தார். அவர் மாறுதலாகிப் போனார். அரையாண்டுத் தேர்வு வரை அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. கேட்கவும் நாதி இல்லை. பையன் பத்தாவதோடு நின்றுவிட்டான்.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மறு ஆண்டு பொறியியலுக்கும் அது வந்தது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது. அதே தெருவில், அதே வறுமையில் இருக்கும் பிள்ளை அவன். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. காலை உணவுத் திட்டமும் 2022இல் அரசுப் பள்ளிகளில்தான் தொடங்கியது, 2024இல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒதுக்கீட்டிலும் அப்படியொரு மாற்றம் வர வேண்டும்.

ஆனால் சலுகை மட்டும் போதாது, பள்ளிக்காகக் கேட்க ஆள் வேண்டும். விருதுநகரில் சத்திரிய வித்யாசாலாவை ஒரு சமுதாயம் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்தியது. அங்கே படித்தவர்தான் காமராஜர். முதலமைச்சரானதும் அவர் ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்து, மதிய உணவும் போட்டார். பிடியரிசி போட்டவர்களுக்கு அது எங்கள் பள்ளி என்ற உரிமை இருந்தது. சபைப் பள்ளிக்கும் சபை இருக்கிறது, வெளிநாட்டில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. அரசுப் பள்ளிக்கு நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ஆகவே போனில் கேட்பவர்களிடம், பள்ளியின் பெயரைப் பார்க்காமல், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் வீட்டுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியே போதும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள். வேலை நாளாகப் பார்த்து, நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்குள் போங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக ஒருவரை நியமித்து, அவருடைய ஓராண்டுச் சம்பளத்தை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.