தைப்பிங் ஏரிக்கு ஒரு நடை

நம் தெலுக் இந்தான் தரை பலகை மாதிரி சமதளம். மலையைப் பார்க்க வெளியூர்தான் போக வேண்டும். அதற்குச் சொந்தக் கார் வேண்டுமா என்ன? ஈப்போவுக்கு பஸ் ஏறி, அங்கே மாறினால் தைப்பிங் வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: வெளியூர் பஸ் நிற்பது கமுந்திங்கில், ஊருக்குச் சற்றுத் தள்ளி. ஈப்போவிலிருந்து ரயில் பிடித்தால் ஊருக்குள்ளேயே இறங்கலாம். என்னைக் கேட்டால் ரயில்தான்.

அங்குள்ள ஏரிகள் இயற்கை தந்தவை அல்ல. ஈயலம்பம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்தது. 1880இல் அந்த இடத்தைப் பூங்காவாக்கினார்கள். கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி, ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. உச்சி வெயிலிலும் அந்த நிழலில் நடக்கலாம். சம்பளம் போட்டு வளர்த்தாலும் இப்படி வளையாது!

பூங்காவைத் தாண்டினால் புக்கிட் லாருட் அடிவாரம். பழையவர்களுக்கு அது மேக்ஸ்வெல் மலை. உயரம் சுமார் 1,250 மீட்டர். மேலே ஏறும் வழி பெரும்பாலும் தார்ச்சாலைதான், ஆனால் வளைவுகள் முழங்காலைச் சோதிக்கும். தீபகற்பத்திலேயே மழை அதிகம் பெய்யும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று. மண்சரிவால் மலைப்பாதையை மூடுவதும் உண்டு. அதனால் திறந்திருக்கிறதா என்று விசாரித்து, விடியற்காலையிலேயே கிளம்புங்கள். குடையை மறக்க வேண்டாம்.